காய்ச்சலும் பாய்ச்சலும்



சில வாரங்களுக்கு முன் நம் பகுதியில் ஒரு சகோதரி, "தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் என் வீட்டுச் சோற்றுக்கற்றாழை மஞ்சளாகி, மடலெல்லாம் கொழகொழவென்று ஆகிவிட்டது. என்ன உரம் போடலாம்?" என்று கேட்டிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அந்தச் சகோதரிக்கு என் பதில் ஒரே வரிதான். உரம் எதுவும் வேண்டாம், அந்த "தினமும் தவறாமல்" என்பதை நிறுத்துங்கள்! ஆனால் இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள எங்கள் வீட்டில் என்னென்ன நடந்தது என்று சொன்னால் மற்றவர்களுக்கும் உதவுமே என்றுதான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டுக் கற்றாழை கடையில் வாங்கியதல்ல. என் மாமியாரோடு கூடவே வந்தது. மாமனார் காலமான பிறகு, 2018-ல், திருவையாறு பக்கத்திலிருந்த வீட்டைப் பூட்டிவிட்டு அத்தையைச் சென்னைக்கு அழைத்து வந்தோம். லாரியில் ஏற்ற எத்தனையோ சாமான் இருந்தது. அத்தை எதையும் கேட்கவில்லை. கொல்லைப்புறம் வேலியோரம் நின்ற கற்றாழையில் ஒரு கன்றைப் பெயர்த்து, பழைய மண் தொட்டியில் வைத்து, காரில் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். "இது ஒண்ணு போதும்மா எனக்கு" என்றார்.

அந்தக் கன்று எங்கள் இரண்டாம் மாடி பால்கனியில் ஆறு வருஷம் ராஜா மாதிரி வளர்ந்தது. தாய்ச் செடியைச் சுற்றி நாலு கன்றுகள். தீக்காயம் என்றாலும் சரி, வெயில் கொப்புளம் என்றாலும் சரி, அத்தை ஒரு மடலை ஒடித்து, முதலில் வடியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட்டு, உள்ளே இருக்கும் சோற்றை எடுத்துத் தடவுவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் தலைக்குத் தேய்க்க மடல் கேட்டு வருவார்கள். அத்தைக்கு அதில் ஒரு பெருமை.

இதில் நான் செய்த ஒரு தப்பை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். பால்கனியை அழகு பண்ணுகிறேன் பேர்வழி என்று, அந்த மண் தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெள்ளைப் பீங்கான் தொட்டி ஒன்று வாங்கி வந்தேன். அதன் அடியில் ஓட்டையே இல்லை. நர்சரியில் தந்த தேங்காய் நார்த்தூள் கலவையை அதில் நிரப்பிச் செடியை மாற்றி வைத்தேன். அத்தை மட்டும், "தண்ணி எங்கேம்மா வடியும்?" என்று கேட்டார். "அதெல்லாம் இந்தக் காலத்துத் தொட்டி அத்தை, ஒண்ணும் ஆகாது" என்றேன். பெரிய மேதாவி மாதிரி!

2024 அக்டோபரில் கோயம்புத்தூரில் இருக்கும் என் மகளுக்குப் பிரசவம். இருபது நாள் அங்கே இருந்துவிட்டுத் திரும்பினேன். வந்ததும் பால்கனிக்குப் போனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விறைப்பாக நிமிர்ந்து நின்ற மடல்கள் தொய்ந்து தொட்டி விளிம்பில் சாய்ந்து கிடந்தன. அடி மடல்கள் பழுப்பும் மஞ்சளுமாக இருந்தன. "ஐயோ, நான் இல்லாதபோது ஒருத்தரும் தண்ணி விடலையே" என்று பதறி, ஒரு மக் நிறையத் தண்ணீரை ஊற்றினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் தொய்ந்தது. இன்னொரு மக் ஊற்றினேன்.

சகோதரிகளே, நம்மில் முக்கால்வாசிப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். தண்ணீர் இல்லாமல் வாடினாலும் செடி தொய்யும். தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் தொய்யும். வேர் செத்துப் போனபின் சுற்றிலும் குளமே இருந்தாலும் செடியால் ஒரு சொட்டுக்கூட உறிஞ்ச முடியாது. பார்க்கிற நமக்கோ தாகத்தில் வாடுகிற மாதிரி தெரிகிறது. இன்னும் ஊற்றுகிறோம். மூழ்குகிறவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்த கதைதான்!

மூன்றாம் நாள் ஒரு மடலைத் தொட்டால், அழுகிய வாழைப்பழம் மாதிரி விரல் உள்ளே போனது. சாக்கடை வாடை வேறு. தொட்டியில் விரலை விட்டால் ஒரே சேறு. அப்போதுதான் உறைத்தது. இது தாகமில்லை, யாரோ ஊற்றி ஊற்றிக் கொன்றிருக்கிறார்கள்.

யார்? எனக்கு உடனே எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண் மேல்தான் சந்தேகம். பால்கனி துடைத்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டுகிறாளோ? அவள் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன். "நான் பத்து நாள் இல்லைன்னா இப்படியா? சோப்புத் தண்ணியை எல்லாம் செடியில கொட்டுவியா?" என்று கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன்.

"அக்கா, செடிக்குத் தண்ணி விடறது உன் வேலை இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு சொட்டு ஊத்தலை அக்கா. சத்தியமா" என்றாள். முகம் சுண்டிப் போய்விட்டது. அன்று காபி கொடுத்தேன், குடிக்காமலேயே போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். அவர் பேப்பரை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறார். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை பித்தளைச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கற்றாழைக்கு ஊற்றினார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை பிறந்த கதையை இன்னொரு தடவை கேட்டார். சொன்னேன். கால் மணி நேரம் போயிருக்கும். மறுபடி எழுந்தார். சொம்பை எடுத்தார்.

"அத்தை, எங்கே போறீங்க?"

"கத்தாழைக்கும்மா. பாவம், இன்னிக்கு யாருமே தண்ணி ஊத்தலை அதுக்கு."

என் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து முறை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் அன்றைக்கு முதல் முறையாக ஊற்றுகிற அதே அக்கறை அவர் முகத்தில். "காபி குடிச்சேனா?" என்று கேட்பார், சாவியை ஃபிரிஜ்ஜில் வைப்பார். எழுபத்தொன்பது வயசு, மறதி சகஜம் என்று நாங்கள் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்ட விஷயங்கள் எல்லாம் அந்தச் சொம்புத் தண்ணீரில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். தைராய்டு, பி12 சத்துக் குறைவு போன்றவற்றாலும் மறதி வரலாம், அப்படியானால் சரி செய்துவிடலாம் என்று முதலில் ரத்தப் பரிசோதனை எழுதினார். அதெல்லாம் சரியாகவே இருந்தது. ஸ்கேனும் சில கேள்வி பதில்களும் முடிந்தபின், இது டிமென்ஷியா எனப்படும் மறதி நோயின் ஆரம்பம் என்றார். "இப்பத்தான் ஊத்தினீங்களே என்று வாதாடாதீர்கள். அவர்களுக்கு அது நினைவில் இல்லை. நேற்று நடந்தது போய்விடும், ஐம்பது வருஷத்துக்கு முந்தியது அப்படியே நிற்கும். கையிலிருக்கும் வேலையைப் பிடுங்காதீர்கள், பாதுகாப்பான வேலையாக மாற்றிக் கொடுங்கள்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு நிஜம் என்று மறுநாளே பார்த்தேன்.

செடியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பால்கனியில் பேப்பரை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற அத்தை, "ஏம்மா, வேரழுகலா? தூக்கிப் போட்டுடாதே. வெட்டி நிழல்ல காயப் போடு. நம்ம வாசல்ல கயித்துல கட்டித் தலைகீழாத் தொங்குமே, அதுக்கு யாரு தண்ணி ஊத்தினா? கத்தாழைக்குத் தண்ணிதாம்மா எமன்" என்றார். காலையில் என்ன டிபன் என்று தெரியாதவர்! ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் செய்தேன். செடியை மூழ்கடித்தவரும் அவர்தான், காப்பாற்றினவரும் அவர்தான்.

நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தொட்டியைச் சாய்த்து, ஓரத்தைத் தட்டி, செடியை மண்ணோடு வெளியே எடுத்தோம். மடலைப் பிடித்து இழுக்கக் கூடாது, கையோடு வந்துவிடும். அடியில் களி மாதிரி இருந்தது. வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்தோம். நல்ல வேர் வெளுப்பாக, கெட்டியாக இருக்கும். அழுகின வேர் பழுப்பாக, வழுவழு என்றிருக்கும். லேசாக இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். எங்கள் தாய்ச் செடிக்கு ஒரு வேர்கூடத் தேறவில்லை.

அடுத்து, கூர்மையான கத்தியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, அழுகின வேரையும் அடி மடல்களையும் எடுத்தோம். பிறகு நடுத்தண்டைக் கீழிருந்து வட்ட வட்டமாகச் சீவினோம். முதல் வில்லையில் நடுவில் பழுப்பு. "இன்னும் வெட்டு" என்றார் அத்தை. இரண்டாவதில் ஒரு பொட்டு. "இரக்கப்படாதே, வெட்டு." நான்காவது வில்லையில்தான் எந்தக் கறையும் இல்லாமல் முழுசும் வெளுப்பாக வந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுகலை நாமே மேலே ஏற்றிவிடுவோம். ஒரு பொட்டு பழுப்பு மிஞ்சினாலும் அது மறுபடி ஏறும்.

கடைசியில் மிஞ்சியது இரண்டு அங்குலத் தண்டும் ஆறு மடலும். நாலு கன்றில் இரண்டு போய்விட்டது. இரண்டு மட்டும் சொந்த வேரோடு பிழைத்திருந்தது.

வெட்டுவாயில் மஞ்சள் தூள் தொட்டார் அத்தை. கடையில் பூஞ்சாணக் கொல்லிப் பவுடரும் கிடைக்கிறது. அதைப் போட்டால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், அந்தச் செடியின் மடலை உடம்புக்கோ சாப்பிடவோ எடுக்காதீர்கள். ஆனால் எந்தப் பவுடரையும்விட முக்கியமான மருந்து, காய விடுவதுதான். வெட்டின இடம் காய்ந்து தோல் கட்ட வேண்டும். ஈரக் காயத்தோடு நட்டால் மறுபடி அழுகும்.

வெளியே ஐப்பசி மழை. அதனால் மூன்றையும் ஒரு தட்டில் வைத்து, கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் வைத்தோம். பத்து நாள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் கற்றாழைத் தட்டு! அத்தை தினமும் அதைப் பார்த்து, "இது ஏன் இங்கே கிடக்கு?" என்பார். "காயுது அத்தை" என்பேன். "அப்படியா? நல்ல வேலை பண்ணினே" என்பார். தினமும் எனக்கு ஒரு பாராட்டு!

பத்து நாளில் மடல்கள் கொஞ்சம் மெலிந்தன. நான் கவலைப்பட்டேன். தன் மடலில் இருக்கும் தண்ணீரைச் செலவழித்துத்தான் அது புது வேர் விடும், பயப்பட வேண்டாம் என்று மகள் ஃபோனில் சொன்னாள். அவள் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். இன்னொன்றும் சொன்னாள். கற்றாழையின் பூர்வீகம் அரேபியப் பகுதியின் வறண்ட பூமி. நம் துளசி, செம்பருத்தி எல்லாம் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும், கூடவே ஈரமும் ஆவியாகிப் போகும். கற்றாழை, அன்னாசி, சப்பாத்திக்கள்ளி போன்றவை பகலில் துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தாழ்ந்து குளிர்ந்தபின் இரவில்தான் பெரும்பாலும் திறக்கும். அதனால் ஈரம் வீணாகாது. வாசலில் தலைகீழாகத் தொங்குகிற கற்றாழை, மண்ணும் தண்ணியும் இல்லாமல் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும் ரகசியம் இதுதானாம்!

வேர் ஏன் அழுகுகிறது என்பதற்கும் காரணம் சொன்னாள். வேருக்கும் மூச்சுக் காற்று வேண்டும். மண் துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்றைத்தான் அது சுவாசிக்கிறது. அந்த இடமெல்லாம் எப்போதும் தண்ணீர் நின்றால் வேர் மூச்சு முட்டிச் சாகும். செத்த வேரில் பூஞ்சாணம் ஏறும், அது தண்டுக்கும் பரவும். இதைக் கேட்டு அத்தையிடம் சொன்னேன். "இதுக்குப் படிக்கணுமா? காய்ச்சலும் பாய்ச்சலுமா இருக்கணும்னு உங்க மாமா வயலுக்கே சொல்லுவாரே" என்றார். பாய்ச்சினால் நன்றாகப் பாய்ச்சு, பிறகு நன்றாகக் காயவிடு. நெல்லுக்கே அப்படியென்றால் கற்றாழைக்குக் கேட்க வேண்டுமா!

அந்தப் பீங்கான் தொட்டியை நானே குடை வைக்கும் பாத்திரமாக்கிவிட்டேன். புதிதாக மண் தொட்டி வாங்கினேன். மண் தொட்டியின் பக்கமெல்லாம் ஈரம் கசிந்து காயும். அடி ஓட்டையின் மேல், மண் மட்டும் ஓடாதபடி, ஓர் ஓட்டுச் சில்லு. செம்மண் ஒரு பங்கு, சலித்துத் தூசி போகக் கழுவின கரடுமுரடு மணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் பொடி ஒரு பங்கு, மக்கின சாணி எரு ஒரு கைப்பிடி. தேங்காய் நார்த்தூள் கிடையாது. அது பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

நட்டபின் சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் ஓரத்தில் ஒரு டம்ளர். உச்சி வெயில் படாத, ஆனால் வெளிச்சம் நிறைந்த ஜன்னலோரம் இடம். கன்றுகள் இரண்டும் சீக்கிரமே நிமிர்ந்துவிட்டன. தாய்ச் செடிதான் அசையவே இல்லை. மார்கழி பிறந்த ஒருநாள் மெதுவாக ஆட்டிப் பார்த்தேன். மண்ணைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. வேர் விட்டுவிட்டது! பொங்கலன்று நடுவில் சுண்டு விரல் நகம் அளவுக்குப் புதுக் குருத்து. அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "இது எப்ப நட்டது? நம்ம ஊர்க் கத்தாழை மாதிரியே இருக்கே!" என்றார். "நம்ம ஊர்க் கத்தாழைதான் அத்தை" என்றேன்.

சரி, செடி பிழைத்தது. சொம்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சொம்பைப் பிடுங்கவில்லை. டாக்டர் சொன்னபடி வேலையை மாற்றிக் கொடுத்தோம். அத்தை வழக்கமாகப் போய் நிற்கும் அதே மூலையில், அடியில் ஓட்டை போட்ட இரண்டு வாளிகளில் சேம்பும் வல்லாரையும் வைத்தோம். இரண்டும் ஈர மண்ணை விரும்புகிறவை. வாளிக்குக் கீழே வடிகிற தண்ணீர் பால்கனிக் குழாய்க்குப் போகும்படி ஒரு சரிவு. பெரிய சொம்பு பூஜை அலமாரிக்குப் போய்விட்டது, அந்த இடத்தில் கால் லிட்டர் பிடிக்கும் குட்டிச் சொம்பு. அத்தை நாலு முறை ஊற்றினாலும் ஐந்து முறை ஊற்றினாலும் சேம்பு கோபித்துக்கொள்வதில்லை. தரையில் ஈரம் நின்றால் வழுக்குமே என்று கால்மிதி ஒன்று போட்டிருக்கிறேன். வல்லாரையில் துவையல் அரைத்தால், "ஞாபக சக்திக்கு நல்லதாம்மா, எனக்கு இன்னும் கொஞ்சம் போடு" என்று அவரே சிரிக்கிறார். வல்லாரை சாப்பிட்டு மறதி போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் சிரிக்கிறாரே, அது போதும்.

வேலைக்கு வரும் பெண்ணிடம் மறுநாளே மன்னிப்புக் கேட்டேன். தீபாவளிக்குப் புடவை கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது நிஜம். அது முறையில்லை என்று, "நான் பேசினது தப்பும்மா. ஊத்தினது அத்தை. அவங்களுக்கு உடம்பு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க ஆயாவும் கடைசியில இப்படித்தான் அக்கா. எங்க அம்மாவையே யாருன்னு கேட்கும்" என்றாள். இப்போது அத்தை மூன்றாவது தடவை சொம்பை எடுத்தால் "ஆயா, வா, பூ தொடுக்கலாம்" என்று கூப்பிட்டு உட்கார வைப்பவள் அவள்தான்.

தோழிகளுக்குப் பயன்படும் என்று சில குறிப்புகள்:

1. தாகமா, அழுகலா என்று தெரிந்துகொள்ள மடலைத் தொட்டுப் பாருங்கள். தாகமென்றால் மடல் மெலிந்து, சுருங்கி, உள்பக்கமாகக் குழிந்திருக்கும், மண் காய்ந்திருக்கும். அழுகலென்றால் மடல் கொழகொழவென்று, கண்ணாடி மாதிரி ஈரம் கோத்து, மஞ்சளாக இருக்கும். மண் ஈரமாக, வாடையோடு இருக்கும்.

2. ஊதுவத்தி எரிந்து முடிந்த குச்சியை மண்ணில் ஆழமாகச் செருகி, ஐந்து நிமிஷம் கழித்து எடுங்கள். இட்லி வெந்ததா என்று பார்ப்போமே, அதே மாதிரிதான். மண் ஒட்டினால், ஈரம் தெரிந்தால் தண்ணீர் வேண்டாம். சுத்தமாக வந்தால் ஊற்றலாம்.

3. தினமும் ஒரு வாய் என்று ஊற்றாதீர்கள். ஊற்றும்போது அடியில் வடியும்வரை ஊற்றி, பிறகு முழுக்கக் காயவிடுங்கள். எங்கள் வீட்டில் கோடையில் வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் மூன்று வாரம்கூட ஊற்றுவதில்லை. உங்கள் வீட்டு வெயிலையும் காற்றையும் பொறுத்து இது மாறும், குச்சிதான் சரியான கணக்கு.

4. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால், வடிந்த தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். வேருக்கு மட்டுமல்ல நமக்கும் ஆபத்து. டெங்கு பரப்பும் கொசு இப்படித் தேங்கின நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

5. மேல்மண் மட்டும் ஈரமாகி, செடி இன்னும் விறைப்பாக இருந்தால் வெட்ட வேண்டாம். தண்ணீரை நிறுத்தி, காற்றோட்டமான வெளிச்சத்தில் வைத்தாலே தேறிவிடும். அடித்தண்டு ஆடினாலோ வாடை அடித்தாலோ மட்டும் வெளியே எடுங்கள்.

6. கற்றாழை மடலைத் தனியாக நட்டால் பெரும்பாலும் அழுகிவிடும், தண்டோ கன்றோ வேண்டும். பாம்புச் செடி இலைத் துண்டிலும், ரணகள்ளியும் ஜேடும் ஒற்றை இலையிலும் துளிர்க்கும். எல்லாம் போய்விட்டதே என்று நினைக்குமுன் நல்ல இலை ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

7. அடீனியம் வைத்திருப்பவர்கள் பருத்த அடித்தண்டை அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்து மண்ணும் ஈரமாக இருந்தால் அழுகல்தான். வைத்தியம் இதே வெட்டிக் காயப் போடுவதுதான். ஆனால் அதன் பால் விஷம், அரளிக் குடும்பம். கையுறை போட்டு வெட்டி, கையை நன்றாகக் கழுவுங்கள்.

8. நோயுற்ற செடிக்கு உரம் போடாதீர்கள். வயிறு சரியில்லாத குழந்தைக்கு விருந்து வைப்போமா?

அழுகின மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள், தொட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி பயன்படுத்துங்கள்.

சித்த வைத்தியத்தில் கற்றாழைக்குக் குமரி என்று பேர். எங்கள் வீட்டுக் குமரிக்கு இப்போது பதினோரு மடல். அதை அத்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கவில்லை. தண்ணீர் ஊற்ற சேம்பு கிடைத்தபின் அத்தை அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. போனாலும், குட்டிச் சொம்புத் தண்ணீரை மண் தொட்டி தாங்கிக்கொள்ளும்.

நாள்தோறும் என் பேரைக் கேட்கும் நாள் ஒன்று வரும் என்று டாக்டர் ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் இந்தச் செடியைக் காட்டினால், "வேலியோரத்துக் கத்தாழை" என்று சொல்வார் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் வீட்டிலும் வயசானவர்கள் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால், என்னைப் போல வேறு யார் மேலாவது கோபத்தைக் காட்டாமல், ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். உரம் கேட்ட அந்தச் சகோதரிக்கு இன்னொரு வார்த்தை. தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டில் வேறு யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களா என்றும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
சென்னை - 44.